கடைசி வரியின் குரல்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் பாட்டையே நான் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒலி முதல்முறையாகக் காதில் பட்டது. பாட்டின் கடைசி வரியில், குரலுக்கு அடியில், ஊசி மாதிரி ஒன்று. வந்தது, கொஞ்சம் நின்றது, பட்டென்று அறுந்தது. ஹெட்போனைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டேன். இருந்தது. பக்கத்தில் இருந்தவரின் போன் ஏதாவது கத்துகிறதா என்று பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஒலியை நன்றாகத் தெரியும். அதுதான் சங்கடம்.

காது மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்கு எந்த அளவுக்குக் கேட்கிறது என்று சோதித்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. சுவர் முழுக்க பஞ்சுப் பலகை, கனமான கதவு, ஒரு பக்கம் கண்ணாடி. சோதனைக்கு வந்தவர் உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். ஒலி கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இடையிடையே வேண்டுமென்றே ஒன்றும் அழுத்தாமல் சும்மா இருப்பேன். அப்போதும் சிலர் விரலைத் தூக்குவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து காத்திருப்பதில், இல்லாத ஒலி காதுக்குள் தானாக முளைத்துவிடும்.

என் பாட்டில் கேட்டது அந்த மெஷினின் ஒலி. சோதனையை ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் முதலில் கொடுக்கிற, நடுத்தரமான ஒலி. நாள் முழுக்க அதையே அழுத்திக்கொண்டிருப்பவனுக்கு எங்கே பார்த்தாலும் அதுதான் கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நானும் விரலைத் தூக்குகிற ஆள் ஆகிவிட்டேன் போல.

ஆனால் பாட்டைப் பதிவு செய்ததும் அதே அறையில்தான்.

எங்களுக்கு ஸ்டூடியோ கிடையாது. வார விடுமுறையில் மருத்துவமனை மூடியிருக்கும். டாக்டர் நல்ல மனிதர். "மெஷினைத் தொடாதீங்க, நாற்காலி இருந்த எடத்துலயே இருக்கணும்," என்று இரண்டு நிபந்தனைகளோடு சாவியைக் கொடுத்தார். நான் முதல் ஆளாகப் போய் மெஷினை அணைத்து, அதன் துணியைப் போர்த்தி, அதன் பிறகுதான் நண்பர்களை உள்ளே விடுவேன். ஒரு தடவைகூட மறந்ததில்லை. நான் இருந்து பதிவான பாட்டில் அந்த ஒலி வரவே முடியாது.

நண்பர்கள் மூன்று பேர். கல்லூரியில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். கம்பி, ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆளும் கம்பி, கழுத்திலும் எப்போதும் ஏதாவது வயர் தொங்கும். பதிவு முழுக்க அவன் பொறுப்பு. டீச்சர், நிஜமாகவே கணக்கு டீச்சர். எந்தப் பாட்டை எப்போது வெளியிடுவது, யாருக்கு எழுதுவது, யாரைப் பார்ப்பது எல்லாம் அவள். "எவன் வாசல்லயும் போய் நிக்க வேணாம்டா, நம்மளே பண்ணுவோம்," என்று முதலில் சொன்னதும் அவள்தான். மூன்றாமவன் சாமியார். வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற வேலை. எங்களுக்குத் தாளம் வாசிப்பான். பேச்சு அபூர்வம் என்பதால் அந்தப் பெயர். ஆமாம் என்பதற்கே யோசிப்பான்.

நான் உள்ளே பாடும்போது அவர்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு வெளியே இருப்பார்கள். கம்பி பொத்தானை அழுத்திப் பேசினால்தான் எனக்குக் கேட்கும். மற்ற நேரங்களில் வாய் அசைவது மட்டும் தெரியும். வேலை நாட்களில் நான் வெளியே, மற்றவர்கள் உள்ளே. அன்றைக்கு மட்டும் மாறிப்போகும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் மூன்று வாய்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரிந்ததில்லை. டீச்சர் தலையை ஆட்டுவாள். கம்பி என்னைக் காட்டி ஏதோ சொல்வான். சாமியார் தரையைப் பார்ப்பான். கதவைத் திறந்து வெளியே வந்தால் மூன்று பேரும் டீ வாங்கப் போவது யார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பாட்டின் கடைசி வரியை எழுதியவன் நான்தான். 'கதவுக்கு அப்பால் வாசல் இருக்குமென நம்பித்தானே இத்தனை தூரம் நடந்துவந்தேன்.' மேஜை முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் எழுதிய வரி. பாடும்போதுதான் நீளம் தெரிந்தது. "எழுதறப்ப மூச்சு விட்டியா இல்லையாடா?" என்று கம்பி கேட்டான். திரும்பத் திரும்பப் பாடினேன். 'இத்தனை' என்ற இடத்தில் காற்று தீர்ந்து குரல் நூலாகிவிடும். நடுவில் மூச்சு வாங்கிப் பாட எனக்கு மனம் வரவில்லை. ஒரே இழையாகப் போனால்தான் அது அந்த வரி. கடைசியில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தபோது கம்பியின் குரல் கேட்டது: "வந்துடுச்சுடா! இதான்!"

வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தது என்று நம்புவது சுகமாக இருந்தது. நம்பினேன்.

பாட்டு வெளியே போய், நாங்கள் எதிர்பார்க்காத ஆட்களெல்லாம் கேட்டு, அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அதை வைத்துத்தான் நூலகக் கட்டிடத்தின் மேல்மாடி அரங்கில் ஒரு முழு மாலை பாட என்னை அழைத்திருந்தார்கள். என் பாட்டுகள் மட்டும். என் பெயரில் முதல் நிகழ்ச்சி. வருகிறவர்கள் அந்த வரிக்காக வருவார்கள்.

வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன். மாமா, அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறார். போகிற கட்டிடத்திலெல்லாம் லிஃப்டுக்குள் என் பாட்டைப் போட்டுக் காட்டுவது அவர் வழக்கம். "தப்பிச்சு ஓட முடியாதுல்ல, முழுசாக் கேட்டுத்தான் ஆகணும்," என்பார்.

அன்றைக்கும் சோபாவில் சாய்ந்து அதையே போட்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, கடைசி வரி வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இந்த எடத்துல உன் குரல் கொஞ்சம் சதை போட்டிருக்குடா."

"மைக்குக்கா. மைக்குல அப்படித்தான் இருக்கும்."

"அப்ப எல்லா வரியிலயும்ல போட்டிருக்கணும்? மத்ததெல்லாம் உன் குரல்தான், பாத்ரூம்ல பாடற மாதிரியே ஒல்லியா இருக்கு. இங்க மட்டும் என்ன, சாப்பிட்டுட்டு வந்து பாடினியா?"

"ஏண்டி, தம்பி நல்லாப் பாடினா உனக்குப் பொறுக்காதா?" என்றார் மாமா.

"நல்லா இல்லைன்னு யார் சொன்னா? நல்லா இருக்கு. அதான் சொல்றேன்."

நான் மேலே போய்விட்டேன். விளக்கைப் போடாமல் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் கேட்டேன். ஒலி ஆரம்பிக்கிற இடமும், குரலில் சதை பிடிக்கிற இடமும் ஒன்றாக இருந்தன.

யாரையோ வைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். அதுவும் அந்த அறையிலேயே, நான் இல்லாதபோது, மெஷினை அணைக்கத் தெரியாமல். இந்த எண்ணம் வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றது. தொழில்முறைப் பாடகன் யாரையாவது கூட்டி வந்திருப்பார்கள். அவனுக்கு என் பாட்டைப் போட்டுக் காட்டி, "இவன் இப்படித்தான் இழுப்பான், அதே மாதிரி இழுங்க," என்று சொல்லியிருப்பார்கள். அவன் சிரித்திருப்பான். நான் கண்ணாடிக்குள் நின்றபோது அந்த மூன்று வாய்களும் பேசியது இதைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து கம்பியின் கடைக்குப் போனேன். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் குப்புறப் போட்டு அதன் முதுகைத் திறந்து வைத்திருந்தான்.

"அந்தப் பாட்டோட ஒரிஜினல் ரெக்கார்டிங் வேணும்டா."

"எதுக்கு?"

"கேக்கறதுக்கு."

"அதான் வெளிய வந்துடுச்சே. ஊரே கேக்குது, நீயும் கேளு."

"நீ கை வைக்கறதுக்கு முன்னாடி இருந்தது."

ஈயம் பற்றவைத்த இடத்தில் வாயால் ஊதினான். தேவைக்கு மேலேயே ஊதினான்.

"அது எங்கயாவது கெடக்கும். தேடணும்."

கம்பியின் கடையில் எதுவும் 'எங்கயாவது' கிடக்காது. திருகாணிகளை அளவு வாரியாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறவன் அவன். கல்லூரியில் நான் கொடுத்த பேனா மூடியைக் கேட்டால்கூட எடுத்துத் தருவான்.

"கடைசி வரில ஒரு சத்தம் கேக்குது," என்றேன்.

"உன் காதை நல்ல டாக்டரா பாத்து காட்டு. உனக்குத் தெரிஞ்ச எடம்தானே."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் பேசி முடிக்கும்வரை அவன் ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அரங்கில் ஒத்திகை. சின்ன மேடை. சாமியார் எனக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாக. அவன் நாற்காலி முன்னால் ஒரு மைக், முழங்கால் உயரத்தில் இல்லாமல் வாய் உயரத்தில் நின்றது.

"தாளத்துக்கு எதுக்குடா மைக்கு இவ்வளவு உசரத்துல?"

கம்பி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "மேல வர்ற சத்தமும் வேணும்ல."

மைக்கில் எந்தப் பக்கம் பேசுவது என்றே டீச்சருக்குத் தெரியாது. நான் சாமியாரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் எட்டி அந்த மைக்கைத் தாழ்த்தினான். கம்பி வந்து மறுபடி உயர்த்தினான்.

எல்லாப் பாட்டையும் பாடிப் பார்த்தோம். அந்தப் பாட்டு வந்தபோது டீச்சர் கையைத் தட்டினாள், வகுப்பை முடிப்பது மாதிரி. "போதும். அது நமக்குத் தெரிஞ்ச பாட்டுதானே. குரலை மிச்சம் வை."

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று பேரும் முன்னால் உட்கார, நான் பின் சீட்டில் உட்கார்ந்து மூன்று பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. முதலில் என் காதுக்கு.

மருத்துவமனை வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண் இருக்கிறாள். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் 'டோக்கன்' தான். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆட்கள் வராத ஒரு மதிய நேரத்தில் அவளை அறைக்குள் உட்காரச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குண்ணே? எங்க மாமியார் பக்கத்து வீட்ல உக்காந்து என்னைப் பத்தி பேசறதே எனக்கு இங்க கேக்குது."

"ஒரு பாட்டு போடறேன். பாட்டுக்குள்ள நம்ம மெஷின் சத்தம் கேட்டா மட்டும் விரலைத் தூக்கு."

"உங்க பாட்டா? அதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டை மெஷின் வழியாகப் போட்டேன். முதல் சரணம் போனது. விரல் மடியிலேயே இருந்தது. கடைசி வரி ஆரம்பித்தது. 'நம்பித்தானே' முடிந்ததும் அவள் விரல் சட்டென்று எழுந்தது.

உடனே அவள் முகம் மாறியது. தூக்கிய விரலைக் கீழே போட வழி தெரியாமல் கொண்டுபோய்க் காதைச் சொறிந்தாள்.

பொத்தானை அழுத்தி, "கேட்டுதா?" என்றேன்.

"இல்லண்ணே. காது அரிச்சுது."

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். அந்த அறைக்குள் மௌனம் வெளியே இருப்பது மாதிரி இருக்காது. சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும். எவ்வளவு அழுத்தமான ஆளும் அங்கே ரொம்ப நேரம் சும்மா இருக்க முடியாது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஹெட்போனைத் திருகினாள். கூரையைப் பார்த்தாள்.

"மெஷின் மேல கம்ப்யூட்டரை வைக்காதீங்க, பட்டன் அமுங்கும்னு நான் அப்பவே சொன்னேண்ணே," என்றாள். சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்ப?"

"நீங்க பாடிட்டுப் போனதுக்கு அடுத்த நாள். ஆஸ்பத்திரி மூடற நேரம். நீங்க கெளம்பிட்டீங்க. டீச்சரம்மாதான் சாவி கேட்டாங்க. உங்களுக்கு ஏதோ சர்ப்ரைஸ்னாங்க. நல்ல விஷயம்தானேன்னு..."

"யார் பாடினா?"

"என்னையும் டீச்சரையும் வராந்தாவுக்கு அனுப்பிட்டாரு. கம்பியண்ணன் மட்டும் இருந்தாரு. அவருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு, செவுத்தைப் பாத்து நின்னுதான் பாடினாராம்."

"அதான் யாரு?"

"அதாண்ணே... பேசவே மாட்டாரே, அவரு."

என் காதில் கோளாறு இல்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. அதோடு போயிற்று. வெளியாள் யாரையாவது வைத்துப் பாட வைத்திருந்தால் மூன்று பேரையும் சேர்த்து வெறுத்திருக்கலாம். வெறுப்பதற்கும் தயாராக இருந்தேன். சாமியாரை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. அவனுக்குக் குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டு, நான் பாடியதையெல்லாம் அவன் எப்படிக் கேட்டிருப்பான்? அதை நினைத்துத்தான் அன்று தூக்கம் போனது.

விடுமுறை நாளில் மூன்று பேரையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. வந்தார்கள். அறைக் கதவைத் திறந்து சாமியாரிடம் சொன்னேன்:

"உள்ள போ."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கம்பியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன்.

"டேய், என்னடா பண்ற?" என்றாள் டீச்சர்.

பொத்தானை அழுத்தினேன். "கடைசி வரியைப் பாடு."

அவன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு மேஜை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அந்த வரி வந்தது. கதவுக்கு அப்பால், வாசல், நம்பித்தானே, இத்தனை, தூரம். எங்கேயும் அறுபடவில்லை. வரி முடிந்த பிறகும் அவனிடம் காற்று மிச்சம் இருந்தது. என் குரல் மாதிரியேதான் இருந்தது. நான் எழுதும்போது மனதுக்குள் கேட்ட என் குரல் மாதிரி.

"எவ்வளவு நாளா என்னை முட்டாளாக்கிட்டு இருக்கீங்க?" என்றேன்.

"யாரும் முட்டாளாக்கல. காப்பாத்தினோம்," என்றாள் டீச்சர்.

"என்னையா?"

"பாட்டை. உன்கிட்டேருந்து."

கம்பி வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "இதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டை அழிச்சே. முடிச்சு வச்ச பாட்டு. ஒண்ணுல ஏதோ ஒரு எழுத்து சரியா விழலன்னு, இன்னொண்ணுல என்னன்னே தெரியல. என் கண் முன்னாடி அழிச்சே. இதைச் சொல்லியிருந்தா இதையும் அழிச்சிருப்ப. இல்லைன்னு சொல்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அப்ப மேடைல?"

"அவன் பின்னாடி இருந்து கூடப் பாடுவான். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உனக்கும் தெரியாமலே பண்ணிடலாம்னு..." என்று ஆரம்பித்த கம்பி, டீச்சர் முறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சாமியார் வெளியே வந்து செருப்பை மாட்டினான்.

"இவ்வளவு நல்லாப் பாடறவன் நீயே தனியாப் பாட வேண்டியதுதானே? எனக்கு எதுக்கு இரவல் குடுக்கற?" என்றேன். வேண்டுமென்றே குத்துகிற மாதிரிதான் கேட்டேன்.

அவன் யோசித்தான். "யாராவது பாத்துக்கிட்டு இருந்தா வராது," என்றான். கொஞ்சம் கழித்து, "வரி நல்லா இருந்துச்சு. அதான்," என்றான்.

நான் மெஷினை அணைத்துத் துணியைப் போர்த்தினேன். நிகழ்ச்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நான் என்ன செய்வேனோ என்று இப்போது அவர்கள் பயப்படட்டும் என்று எனக்குள் ஒருவன் நினைத்தான். அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் பேச்சைக் கேட்டேன்.

நிகழ்ச்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. அக்காவும் மாமாவும் இரண்டாவது வரிசையில். பக்கத்தில் இருந்தவரிடம் மாமா என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஓரமாக நின்றார். டீச்சர் மேடையின் பக்கவாட்டில், கம்பி பின்னால் தன் பெட்டிகளோடு. சாமியார் முன்னால் அந்த மைக் வாய் உயரத்திலேயே இருந்தது. நான் அதைத் தாழ்த்தச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பாட்டுகள் நன்றாகவே போயின. கடைசியாக அந்தப் பாட்டு. மேடைக்காக அந்த வரியை இரண்டு தடவை வைத்திருந்தோம், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும். முதல் தடவை 'நம்பித்தானே' வரை பாடினேன். அங்கே நிறுத்தினேன். மைக்கிலிருந்து ஓரடி விலகி, திரும்பி, சாமியாரைப் பார்த்தேன். நான் பார்த்ததும் அரங்கு முழுக்க அவனைப் பார்த்தது.

அவன் கண்ணில் இருந்ததை நான் மறக்க மாட்டேன். பயம் இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தேகம் இருந்தது. எதற்காக இதைச் செய்கிறாய் என்று கேட்டது அந்தப் பார்வை. இவ்வளவு நாள் நான் அவர்களைப் பார்த்த பார்வைதான் அது. உன் குரல் உன்னுடையது என்று ஊருக்குத் தெரியட்டும் என்று கொடுக்கிறேனா, எல்லோரும் பார்க்கும்போது வராதென்றாயே, இப்போது பாடு பார்க்கலாம் என்று பழி வாங்குகிறேனா? இரண்டுமே என்னுள் இருந்தன. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் தலையைக் குனிந்து, தாளக்கருவியின் தோல் மேல் கண்ணை ஊன்றிக்கொண்டு பாடினான். 'இத்தனை தூரம் நடந்துவந்தேன்.' அந்த அறையில் கேட்ட அளவுக்கு இல்லை. கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் அறுபடவில்லை. முன்கூட்டியே செய்த ஏற்பாடு என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். டீச்சர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

இரண்டாம் சரணம். மறுபடி 'நம்பித்தானே'. மறுபடி நிறுத்தித் திரும்பினேன்.

இந்தத் தடவை அவன் என்னையே நேராகப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. கைகளைத் தோலின் மேல் வைத்துத் தாளத்தையும் நிறுத்திவிட்டான்.

மௌனம் எனக்குப் பழகிய இடம். இவ்வளவு பேர் நடுவில் வந்து நிற்கிற மௌனம் பழக்கமில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தியது கேட்டது. என்னைக் கைவிட்டுவிட்டான் என்று தோன்றியது. நான் செய்ததற்குப் பதில் செய்கிறான் என்று தோன்றியது. உன் வரியை நீயே எடுத்துக்கொள் என்று நகர்த்தி வைக்கிறானோ என்றும் தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. யோசிக்க இனி நேரம் இல்லை.

திரும்பி மைக்குக்குப் போனேன். 'இத்தனை' என்றேன். காற்று தீர்ந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கினேன். மைக்கில் அது பெரிதாக, யாரோ மாடிப்படி ஏறி வந்த மாதிரிக் கேட்டது. 'தூரம்' என்றேன். 'நடந்துவந்தேன்' என்றேன். குரல் ஒல்லியாகத்தான் இருந்தது. கடைசி எழுத்தின் மேல் சாமியாரின் கை விழுந்தது. தாளம் பாட்டை முடித்துவைத்தது.

நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போன பிறகு மேடைக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் வார்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் பாடல?" என்றேன்.

"நீ ஏன் நிறுத்தின?"

தாளக்கருவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கினோம்.

அடுத்த நாள் கம்பியின் கடையில் முந்தைய நாள் பதிவைக் கேட்டோம். இந்தப் பாட்டை மறுபடி, இந்த மாதிரியே வெளியிடலாம் என்று டீச்சர் போனில் சொல்லியிருந்தாள்.

"ரெண்டாவது தடவை வர்ற மூச்சை எடுத்துடவா? சின்ன வேலைதான்," என்றான் கம்பி.

"இருக்கட்டும்."

"நெஜமாவா?"

"இருக்கட்டும்டா. பாடினவங்கன்னு ரெண்டு பேரையும் போடு."

"அவன் ஒத்துக்குவானா?"

"கேளு."

சாமியாருக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவது மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

"சின்ன எழுத்துல போடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கம்பி வேலையை ஆரம்பித்தான். நான் கிளம்பாமல் நின்றேன். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான்.

"நீ போ, நான் அனுப்பிடறேன்."

"நீ அனுப்பற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவன் சத்தமாகச் சிரித்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்பீக்கரைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினான்.